எழுபத்தெட்டுக் காலைகள்

பிப்ரவரி 10, திங்கள்

இன்று காஸ் சிலிண்டர் மாற்றினேன். போனது நாற்பத்தொரு நாள் வந்தது. அதற்கு முந்தையது நாற்பத்து நான்கு. மூன்று நாள் குறைவு. காரணத்தையும் எழுதிவிட்டேன்: குடிக்கும் தண்ணீரையெல்லாம் இப்போது கொதிக்கவைத்து ஆற்றுகிறேன். காரணம் தெரியாமல் இந்த வீட்டில் எந்த எண்ணும் கூடக்கூடாது, குறையக்கூடாது. வீட்டுக்காரர் என்னைக் 'கணக்குப்புள்ள' என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

இன்னொரு கணக்கும் இன்று தொடங்குகிறது. எனக்குப் பதினோராவது வாரம். இரண்டு வருடத்துக்கு முன்னால் இருபத்து மூன்றாவது வாரத்தில், வயிற்றில் இருந்த மகனைப் பறிகொடுத்தேன். கிருமித் தொற்று என்றார்கள். எப்போது வந்தது, எந்த வழியாக வந்தது, ஏன் எனக்கு — எதற்கும் பதில் இல்லை. என்னைப் போலக் குறைமாதத்தில் இழந்தவர்கள் மறுபடி உண்டானால், பிரசவம் வரை அவர்கள் உடம்பைக் கவனித்து எழுதுகிற ஆராய்ச்சி ஒன்று ஆஸ்பத்திரியில் நடக்கிறது. நாற்பது பெண்கள். நான் முப்பத்தொன்றாம் எண். வியாழன்தோறும் ரத்தம் கொடுக்க வேண்டும். தினமும் காலையில் உடம்புச் சூட்டை அளந்து ஒரு நீளச் சீட்டில் குறிக்க வேண்டும்.

சீட்டின் தலையில் விதி அச்சாகியிருக்கிறது: "காலையில் விழித்ததும், எதையும் உண்ணும் முன், குடிக்கும் முன், நாக்கின் அடியில் வைத்து அளக்கவும். 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் உடனே வரவும்."

வாய் கொப்பளிக்காமல் நான் கடவுள் பெயரைச் சொன்னதில்லை. கடவுள் பெயரைச் சொல்லாமல் வேறு எதற்கும் வாயைத் திறந்ததும் இல்லை. கடவுளுக்கு முன்னால் தெர்மாமீட்டருக்கா வாயைத் திறப்பது? எழுந்தேன், ஃபிரிட்ஜ் தண்ணீரில் மூன்று முறை கொப்பளித்தேன் (குமட்டலுக்கு அதுதான் இதம்), ஐந்து நிமிடம் பிரார்த்தித்தேன், பிறகு அளந்தேன். கொப்பளிப்பது குடிப்பதாகாது. ஒரு சொட்டும் விழுங்கவில்லை.

36.2.

பிப்ரவரி 13, வியாழன்

ஆராய்ச்சிப் பிரிவு பழைய கட்டடத்தில், துணி வெளுக்கும் பகுதிக்கு நேர் மேலே இருக்கிறது. கீழே இயந்திரங்கள் சுற்றுவதால் தரை எந்நேரமும் லேசாக அதிர்கிறது. ரத்தம் எடுக்கிற நர்ஸ், "பூ வெச்ச மாதிரி இருக்கும்" என்றார். இருக்கவில்லை. அவருக்குப் 'பூ ஊசி' என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஆராய்ச்சி டாக்டர் என்னைவிட எட்டு வயதாவது சின்னவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, மேசையெல்லாம் அதைத் தேடுவார். நான் ஒன்பதாவதோடு நின்றவள், மற்றதெல்லாம் நூலகப் புத்தகங்களும் அகராதியும் சொல்லித் தந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு, என் ரத்தத்தில் எதைத்தான் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அக்கா, உடம்புக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும். நம்மாளா, வெளியாளா? வெளியாள்னா அடிச்சுத் தொரத்தும். ஒருத்தர் கிட்னியை இன்னொருத்தருக்கு வெச்சா ஆயுசு பூரா மாத்திரை போட்டு உடம்பை அடக்கி வைக்கணும், தெரியுமில்ல? ஆனா புள்ள? பாதி உங்க வீட்டுக்காரர். உங்க உடம்பு கணக்குல அது பாதி வெளியாள். ஒன்பது மாசம் எப்படி விட்டுவைக்குது?"

"எப்படி?"

"முழுசாத் தெரியாதுக்கா. அதுக்குத்தான் உங்க ரத்தம்."

'தெரியாது' என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன படித்தவரை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், கைகளில் எப்போதும் கிரீஸ் வாடை. "பதிமூணு வருஷமா குடும்பம் நடத்தியும் நான் இன்னும் வெளியாளா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

36.1. டப்பாக்களைத் துடைத்து அடுக்கும்போதும் அதே நினைப்பு. பாதி வெளியாள். விட்டுவைத்திருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

இன்று நான் என்னைப் பார்த்தேன். வேறு எப்படி எழுதுவது?

என் ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, அதில் ஏதோ கிருமியைக் கலந்து, நுண்நோக்கியில் பார்க்கச் சொன்னார் டாக்டர். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. "கண்ணை ஒட்டாதீங்க, கொஞ்சம் தள்ளி" என்றார். பிறகு தெரிந்தது. வட்டமாக, நூற்றுக்கணக்கில், அசையாத சிவப்பணுக்கள். அவற்றின் நடுவே ஒன்று மட்டும் நகர்ந்தது. உருவம் இல்லாத உருவம், தட்டில் கொட்டிய தேன் தானாகவே ஊர்ந்தால் எப்படியோ அப்படி. அதுதான் வெள்ளையணு. கொஞ்ச தூரத்தில் கிருமி, ஒரு புள்ளி. புள்ளி இடப்பக்கம் போனது. இதுவும் இடப்பக்கம் திரும்பியது. புள்ளி ஒரு சிவப்பணுவைச் சுற்றி ஒளிந்தது. இதுவும் சுற்றிப் போனது.

"அதுக்குக் கண்ணு கெடையாதே?" என்றேன்.

"கெடையாது."

"அப்புறம் யார் சொல்றது?"

"வாசனை மாதிரிக்கா. கிருமி விட்டுட்டுப் போற சுவடைப் பிடிச்சே போகும்."

எட்டியது. அணைத்தது. புள்ளி உள்ளே போயிற்று. "முழுங்கிருச்சு!" என்று கத்திவிட்டேன். பூ ஊசி பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் பயணச்சீட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே எத்தனை கோடி பேர் என் பேரில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்! என்னைக் கேட்டதில்லை. நான் கூலி கொடுத்ததில்லை, நன்றி சொன்னதும் இல்லை. இறைவா, முப்பத்தேழு வருடமாக உன்னை மேலே தேடி அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மார்ச் 11, செவ்வாய்

கீழ் வீட்டில் அவருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவி, என் ஓர்ப்படி, இன்று படியேறி வந்தார். பஞ்சு ஒட்டியிருந்த என் முழங்கையைப் பார்த்தார்.

"வாராவாரம் இப்படி உறிஞ்சிக் குடுத்தா உள்ள இருக்கறதுக்கு என்னடி மிஞ்சும்?"

"ரெண்டு ஸ்பூன்தான் அக்கா எடுக்கறாங்க."

"போன தடவை இதெல்லாம் இல்லாமத்தானே…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். போன தடவை இதெல்லாம் இல்லாமல்தான் போயிற்று என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். என் துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

கெட்டவர் இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் அவனைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கியவர் அவர்தான். நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. ஒரு தடவை கேட்டதற்கு, "உன் மூக்கு" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 27, வியாழன்

கருப்பையின் சுவரில் ஒருவகை அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்குமாம். பெயரே 'கொல்லி'. குழந்தை இருக்கிற அறையில் கொல்லிகளுக்கு என்ன வேலை?

டாக்டர் சிரித்தார். "பேருதான் அப்படி. ரத்தத்துல இருக்கறவங்க கொல்லுவாங்க. கருப்பைக்குள்ள இருக்கறவங்க வேற வேலை பாக்கறாங்க. புள்ளைக்கு ரத்தம் போற குழாய் சின்னதா இருக்கும். அதை அகலமாக்க இவங்க கூட நின்னு உதவி பண்றாங்க. அந்தக் குழாய் சரியா விரியலன்னாத்தான் அம்மாவுக்குப் பிரஷர் ஏறுது, புள்ள வளராம நிக்குது."

அடிக்கக் கற்ற கைகள் வழி வெட்டிக் கொடுக்கின்றன. எங்கே போய்ச் சொல்ல இதை?

போகும்போது டாக்டர் என் சீட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "உங்க சூடு எல்லாரையும்விடக் கீழ நிக்குதே. 36.1, 36.2… தெர்மாமீட்டரை மாத்திப் பாத்தோம், அதுவும் சரியாத்தான் இருக்கு. உங்க உடம்பு கொஞ்சம் தனி ரகம்போல. நல்லாக் கவனிக்கணும்."

தனி ரகம்! வீடு வரும்வரை மனதுக்குள் அதைச் சப்புக்கொட்டிக்கொண்டே வந்தேன். கர்வம். மன்னித்துக்கொள், இறைவா. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

பதினொரு மணிக்கு, துணி உலர்த்தும்போது, உள்ளேயிருந்து யாரோ விரலால் சுண்டிய மாதிரி. கிளிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றேன். இன்னொரு தடவை சுண்டியது.

ஏப்ரல் 24, வியாழன்

இருபத்தொன்று முடியப்போகிறது. நாட்காட்டியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். அந்த வாரம் நெருங்க நெருங்க எந்தச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. இடுப்பின் இடப்பக்கம் லேசான வலி. தண்ணீர் வாளி தூக்கியதால் இருக்கும். 36.4.

ஏப்ரல் 28, திங்கள்

37.0. நேற்று 36.8. இருந்தாலும் 37.5-க்கு எவ்வளவோ கீழே. எல்லோருக்கும் இருப்பதுதான் இப்போது எனக்கும் வந்திருக்கிறது. வயிறு அவ்வப்போது இறுகி விடுகிறது. உள்ளே குழந்தை முதுகை நெளித்து முரண்டு பிடிக்கிறது போல. அவரிடம் சொல்லவில்லை, இடுப்பு வலி என்றாலே அவருக்கு முகம் செத்துவிடுகிறது.

ஏப்ரல் 29, செவ்வாய், காலை

ஃபிரிட்ஜில் பாட்டில் காலி — அவர் கைவரிசை. குழாயில் காற்றுதான் வந்தது. மோட்டார் ஓடவில்லை. "அரை மணி நேரம்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினார். கொப்பளிக்க வழியில்லை. பிரார்த்தனை தள்ளிப்போயிற்று. சும்மா உட்கார்ந்திருப்பானேன், இன்று ஒருநாள் கடவுள் பொறுத்துக்கொள்வார், அளந்தாவது வைப்போம் என்று தெர்மாமீட்டரை எடுத்தேன்.

37.9.

தெர்மாமீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று உதறினேன். மறுபடி 37.9.

தண்ணீர் வந்தது. கொப்பளித்தேன் — பாட்டில் காலி என்பதால் ஐஸ் கட்டி போட்ட தண்ணீர். பிரார்த்தித்தேன். அளந்தேன். 37.2.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை, எச்சில் தவிர எதையும் விழுங்கவில்லை. திரும்ப அளந்தேன்.

37.9.

ஐயோ. உடம்பு மாறவில்லை. வாய்தான் மாறியிருக்கிறது. நான் அளந்ததெல்லாம் ஃபிரிட்ஜ் தண்ணீரை. பிப்ரவரி பத்திலிருந்து ஒரு நாள் விடாமல். பத்தொன்பது, முப்பத்தொன்று, இருபத்தெட்டு. எழுபத்தெட்டு நாள். தனி ரகமாம்! தனி ரகம்!

அப்படியென்றால் நேற்றைய 37.0? அதற்கு முந்தின நாள்?

ஏப்ரல் 29, செவ்வாய், பத்தரை மணி

சீட்டில் இன்றைய கட்டம் காலியாக இருக்கிறது. பென்சிலால் 37.2 என்று எழுதினேன். அதுவும் நான் அளந்ததுதானே? அதுதான் தினமும் அளக்கும் முறைதானே?

என்ன பேச்சு பேசுகிறேன் நான்.

சொன்னால் நீக்கிவிடுவார்கள். எழுபத்தெட்டு நாள் பொய்க் கணக்கு எழுதியவளை எந்த ஆராய்ச்சியில் வைத்துக்கொள்வார்கள்? அந்த டாக்டரும், வாராவாரம் பார்க்கிற பார்வையும் இல்லாமல் மிச்ச வாரங்களை நான் எப்படித் தாண்டுவேன்? நாளை ஒருநாள் பார்த்துவிட்டு வியாழக்கிழமை எப்படியும் போகத்தானே போகிறோம்…

அலமாரியிலிருந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பை எடுத்தேன். அவன் போனதற்கு மூன்று நாள் முன்னால், என் கையெழுத்தில்: "உடம்பு கதகதவென்று இருக்கிறது. அடுப்படிச் சூடு." மறுநாள்: "இன்றும் அப்படியே. வெயில்." அதற்கடுத்த நாள் ஒன்றும் எழுதவில்லை.

அன்றும் எனக்குக் காரணம் கிடைத்திருக்கிறது. எப்போதுமே எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

பென்சிலில் எழுதியதை அழிக்கவில்லை. பக்கத்தில் பேனாவால் 37.9 என்று எழுதியிருக்கிறேன். ஓர்ப்படியைக் கூப்பிட்டுவிட்டேன். ஆட்டோ வந்துவிட்டது. போகிறோம்.

ஏப்ரல் 30, புதன், ஆஸ்பத்திரி

இடக்கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. வலக்கை சும்மா இருக்கிறது. எழுதுகிறேன்.

சிறுநீர்ப் பாதையில் கிருமி. இடது சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது. வாளி தூக்கிய வலி இல்லை. வயிறு இறுகியது முரண்டும் இல்லை, கருப்பை சுருங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று பிரசவ டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

நேற்று ஆராய்ச்சி டாக்டர் வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன். கொப்பளித்தது, ஃபிரிட்ஜ் தண்ணீர், எழுபத்தெட்டு. ஓர்ப்படி வாயில் கை வைத்துக்கொண்டார். பூ ஊசி, "விழுங்கலன்னா குடிக்கலையாம்! ஒன்பதாவதோட நின்னதே நல்லதாப் போச்சு, இல்லன்னா வக்கீலா ஆயிருப்பீங்க!" என்று பொரிந்து தள்ளினார்.

டாக்டர் சீட்டை வாங்கி, முதல் கட்டத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கண்ணாடி நெற்றிமேல்.

"என்னை நீக்கிடுவீங்களா?"

"எதுக்கு?"

"பொய்க் கணக்கு எழுதினேனே."

"பொய் இல்லக்கா. அளந்ததைத்தான் எழுதினீங்க. என்னத்தை அளந்தோம்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. கொப்பளிக்காதீங்கன்னு நானும் எழுதலையே."

"எல்லாத்துலயும் முக்கால் டிகிரி கூட்டித் திருத்திக் குடுத்துடட்டுமா?"

"வேண்டாம்!" திடுக்கிட்டவர் மாதிரி சொன்னார். "அப்பத்தான் அது பொய். ஒண்ணையும் அழிக்காதீங்க. ஒரே ஒரு கோடு, பக்கத்துல காரணம்."

பதினாறு வருடமாக நான் என் கணக்கு நோட்டில் செய்வதும் அதுதான். ஒரு கோடு, பக்கத்தில் காரணம். எனக்கு ஏன் அழுகை வந்ததென்று அவருக்குப் புரிந்திருக்காது.

இன்று காலை என் சிறுநீர் மாதிரியை நுண்நோக்கியில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். குச்சி குச்சியாகக் கிருமிகள். அவற்றைச் சூழ்ந்து மொய்த்தபடி வெள்ளையணுக்கள், எனக்குத் தெரிந்த முகங்கள். "பாருங்க, உங்க ஆளுங்க எத்தனையோ நாளாப் போராடிட்டுத்தான் இருந்திருக்காங்க. மருந்து கூட ஆள் அனுப்புது, அவ்வளவுதான். காய்ச்சல்ங்கறதே அவங்க குடுக்கற குரல்தான்க்கா."

குரல் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில். நான் மூன்று மடக்கு ஃபிரிட்ஜ் தண்ணீரை வாயில் ஊற்றி அதை அடக்கிவிட்டு, அதற்கப்புறம் கண்ணை மூடி, "இறைவா, ஏதாவது ஆபத்து என்றால் எனக்குத் தெரியப்படுத்து" என்று வேண்டியிருக்கிறேன். பதில் என் நாக்கடியில் இருந்தது. கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தேன்.

மே 2, வெள்ளி

36.9. கொப்பளிக்காமல். வயிறு கடைசியாக இறுகி இருபது மணி நேரமாகிறது.

மே 12, திங்கள்

வீடு. இன்று இருபத்து நான்கு வாரம் நிறைகிறது. அந்த வாரத்தைத் தாண்டிவிட்டேன். சத்தமாகச் சொல்லப் பயம். எழுதலாம்.

காலையில் கண்ணை விழித்தால் எதிரே ஓர்ப்படி, கையில் தெர்மாமீட்டர். படியேறி வந்திருக்கிறார்.

"வாயைத் தொற."

"அக்கா, நான் இன்னும் பிரார்த்தனை—"

"உன் சாமி ஓடிப்போயிடாது. தொற."

நாக்கடியில் வைத்துவிட்டு, நான் எழுந்துவிடாதபடி தோளில் கை வைத்து உட்கார்ந்துகொண்டார். பேச முடியாது. அசைய முடியாது. மூன்று நிமிடம் என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டேன். சொல் இல்லாமலே அது நடந்தது. வாயை மூடிக்கொண்டும் கும்பிடலாம் என்பது முப்பத்தேழு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "லிஃப்ட் கதவு முழுசா மூடினாத்தான் மேல போகும், கணக்குப்புள்ள" என்றார். அவருக்கு எல்லாமே லிஃப்ட்தான்.

மே 22, வியாழன்

டாக்டர் எனக்கொரு வேலை கொடுத்திருந்தார்: பத்து நாளைக்கு இரண்டு விதமாகவும் அளக்க வேண்டும், கொப்பளிக்கும் முன், கொப்பளித்த பின். இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருநாள் அரை டிகிரி குறைந்தது, ஒருநாள் முக்கால், ஒருநாள் 0.6. "ஒரே மாதிரி இல்ல பாத்தீங்களா? அன்னிக்கு முக்கால் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார்.

பிறகு சொன்னார். என்னைப் பார்த்த பிறகு மற்ற முப்பத்தொன்பது பெண்களையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பதினோரு பேர் கொப்பளித்துவிட்டுத்தான் அளக்கிறார்களாம்! சிலர் பல்லே தேய்த்துவிட்டு. ஒருவர் முகமும் வாயும் கழுவாமல் எதையும் வாயில் வைக்கமாட்டாராம். அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. இருவரும் இப்போது மருந்தில் இருக்கிறார்கள்.

சீட்டின் தலையில் புதிய அச்சு: "எதையும் உண்ணும் முன், குடிக்கும் முன், வாய் கொப்பளிக்கும் முன்." பூ ஊசி சுவரில் ஒட்டிக்கொண்டே, "வக்கீலம்மாவோட சட்டத் திருத்தம்" என்றார்.

அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. காத்திருக்கும் அறையில் எதிரே உட்கார்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வயிற்றோடு யார் ஏறினாலும் முகத்தைப் பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன்

இருபத்தெட்டு வாரம் தாண்டியாயிற்று. கக்குவான் இருமலுக்குத் தடுப்பூசி போட்டார்கள். எனக்கு எதற்கு என்றேன். எனக்கில்லையாம், குழந்தைக்காம். பிறந்த குழந்தையின் உடம்புக்குத் தானாக எதிர்த்து நிற்க மாதங்கள் ஆகும். அதுவரை கையில் ஆயுதம் இல்லை. நான் ஊசி போட்டுக்கொண்டால், என் உடம்பு எதிர்ப்புப் பொருளைச் செய்யும். நஞ்சுக்கொடி அதை ஒவ்வொன்றாகப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கும். தானாகக் கசிவதில்லை. பிடித்து, கடத்தி, கொடுக்கிறது.

"எந்த மாசத்துல குடுக்கும்?"

"முக்காவாசி கடைசி மூணு மாசத்துலதான்க்கா."

அவன் இருபத்து மூன்று வாரத்தில் போனான். அவனுக்கென்று எடுத்து வைத்தது என்னிடமே நின்றுவிட்டது. வெறுங்கையோடு போனான்.

வீட்டுக்கு வந்து ஓர்ப்படி மடியில் தலைவைத்து இதைச் சொன்னேன். தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். பிறகு, "மூக்கு மட்டுமில்லடி, விரலும் உன்னோடதுதான். நீள நீளமா" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

முப்பத்தெட்டு வாரம், இரண்டு நாள். காலை 9.52. பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம். கத்தினாள். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். நஞ்சுக்கொடியைக் காட்டுங்கள் என்று கேட்டேன். ரத்தம் எடுக்க வந்திருந்த பூ ஊசி, "யாரும் இதைக் கேக்கமாட்டாங்க" என்றபடி தட்டில் ஏந்திக் காட்டினார். ஒரு பக்கம் கரடுமுரடான சதை, என் பக்கம். திருப்பினார். அவள் பக்கம் பளபளவென்று, நடுவிலிருந்து நாலாபக்கமும் நரம்புகள் கிளை கிளையாக, இலையில்லா மரம்போல. என் உடம்பில் வளர்ந்தது. ஆனால் பெரும்பகுதி அவள் செய்துகொண்டதாம், என்னிடம் கேட்டு வாங்குவதற்கென்றே. வேலை முடிந்ததும் கழன்றுவிட்டது. இதைப் பார்த்தவர்களா இதற்கு நஞ்சு என்று பெயர் வைத்தார்கள்?

அவர் வெளியே நின்று அழுதாராம். கிரீஸ் கையால் துடைத்து முகமெல்லாம் கறுப்பு.

செப்டம்பர் 18, வியாழன்

காஸ் சிலிண்டர் மாற்றினேன். முப்பத்து மூன்று நாள். காரணம்: வெந்நீர், துணி, வெந்நீர்.

இன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனோம். தரை அதிர்ந்ததில் தூங்கிவிட்டாள். டாக்டர் ஒரு தாளை நீட்டினார். பிரசவத்தன்று என் கையிலிருந்து எடுத்த ரத்தமும், தொப்புள்கொடியிலிருந்து எடுத்த அவள் ரத்தமும். இரண்டிலும் கக்குவானை எதிர்க்கும் பொருள் எவ்வளவு என்று அளந்திருக்கிறார்கள். எனக்கு 100. அவளுக்கு 142.

"எண்ணை மாத்தி எழுதிட்டீங்களா?" என்றேன்.

"இல்லக்கா."

"குடுத்தது நான். என்கிட்ட நூறு. வாங்கினவகிட்ட எப்படி நூத்துநாப்பத்திரண்டு?"

கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "கொடி அப்படித்தான். உங்க அளவு வந்ததும் நிறுத்தறதில்ல. உங்ககிட்ட இருக்கறதைவிட அவகிட்ட அதிகமாகற வரைக்கும் கொண்டுபோய்க் குவிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க திரும்பச் செஞ்சுக்குவீங்க, அவளால முடியாதுல்ல."

ஓர்ப்படிக்குச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். சமைத்துவிட்டு, மேசையில் நோட்டை விரித்து எழுதினேன். தந்தது: 100. பெற்றது: 142. 'காரணம்' என்ற கட்டம் மிச்சம். டாக்டர் சொன்ன விளக்கம் எனக்குப் புரிந்தது. அதை எழுதலாம். எழுதினால் தவறும் இல்லை.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வாய் மூடியபடியே. பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். என் நோட்டில் இதுதான் முதல்.

கீழேயிருந்து ஓர்ப்படியின் குரல்: "அடியே, கணக்கு முடிஞ்சுதா இல்லையா? உன் நூத்துநாப்பத்திரண்டு இங்க வீட்டைக் கூரையோட தூக்குது, வந்து வாங்கிக்கோ!"